தேயிலை மலையில் வண்டும் மலரும்

தமிழ்த் திரைப்படங்களில் காதலர் இருவர் நெருங்கும் வேளையில், ஒளிப்பதிவுக் கருவி சட்டென்று பக்கத்திலுள்ள பூச்செடியின் பக்கம் திரும்பிவிடும் காலம் ஒன்று இருந்தது. இரண்டு மலர்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். அல்லது வண்டொன்று பறந்து வந்து மலரில் அமரும். தணிக்கையாளருக்கும், குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்களுக்கும் சங்கடம் தராத ஏற்பாடு அது. ஆனால் இவ்வுவமையைத் திரைப்படம் கண்டுபிடிக்கவில்லை. வண்டு ஆடவன், மலர் பெண். மலருக்கு மலர் தாவும் வண்டு மனம் நிலையாத தலைவன் என்று நமது கவிஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் பாடி வந்திருக்கிறார்கள். மேடைப் பேச்சாளர்களும் திருமண வாழ்த்து மடல்களை எழுதுவோரும் இன்றளவும் அதைக் கைவிடவில்லை.

அழகான உவமைதான். ஆயினும் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு லயத்து வாசலில், செவ்வந்தியும் டேலியாவும் பூசணிக் கொடியும் வளர்ந்திருக்கும் சிறு தோட்டத்தில் காலை ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கின்ற எவருக்கும் அது எவ்வளவு தவறானது என்பது புலப்படும். பூவுக்குப் பூ செல்லும் தேனீ ஆணன்று. கூட்டைவிட்டு வெளியே சென்று தேனும் மகரந்தமும் சேகரிப்பவை அனைத்தும் வேலைக்காரத் தேனீக்கள். அவை அனைத்தும் பெண்கள். அவற்றுக்குக் காதலும் இல்லை, திருமணமும் இல்லை. அவற்றின் பின்னங்கால்களில் மகரந்தத்தை அடைத்துக்கொண்டு வருவதற்கென்றே மயிர்கள் சூழ்ந்த குழிவான பகுதி ஒன்றுண்டு. பூச்சியியலாளர் அதற்கு இட்டுள்ள பெயரே 'மகரந்தக் கூடை' என்பதுதான். கூடையோடு காலையில் புறப்பட்டு, மலைமலையாக ஏறி இறங்கி, நிறைந்த சுமையோடு திரும்பி, சேர்த்ததில் பெரும்பகுதியைப் பிறர் எடுத்துக்கொள்ளக் காணும் பெண் தொழிலாளியை மலையகத்து வாசகருக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

திருக்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயம் 'அந்நஹ்ல்', அதாவது 'தேனீ' என்று பெயர் பெற்றிருப்பதை நமது முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். அங்கு தேனீயை நோக்கிய ஏவல் வினைகள் பெண்பாலில் அமைந்திருப்பதை அரபு கற்றோர் சுட்டிக்காட்டுவதுண்டு. நமது கவிஞர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

மலரும் அவ்வாறே. பெரும்பாலான பூக்கள் ஆணுமாகிப் பெண்ணுமாகி ஒரே இதழ்க் கூட்டுக்குள் இரு பாலையும் வைத்திருப்பவை. தேயிலைப் பூவையே எடுத்துக்கொள்வோம். வெண்ணிற இதழ்கள், நடுவே கற்றையாக மஞ்சள் நிற மகரந்தத் தண்டுகள், மெல்லிய நறுமணம். கமேலியா என்று பூங்காக்களில் வளர்க்கப்படும் அலங்காரச் செடியின் நெருங்கிய உறவுதான் நமது தேயிலை. ஆனால் தேயிலைச் செடியில் இடுப்பளவு மூழ்கி நின்று வாழ்நாளைக் கழித்தவர்களும்கூட அதன் பூவை அரிதாகவே காண்கிறார்கள். வாரந்தோறும் கொழுந்து பறிக்கப்படுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படுவதுமே இதற்குக் காரணம். பறிக்கப் பறிக்கச் செடி தனது வலுவை எல்லாம் மீண்டும் இலை தளிர்ப்பதிலேயே செலவிடுகிறது. பறிக்காமல் விடப்பட்டால் அது மரமாக உயர்ந்து பூத்துக் காய்க்கும். எல்லை ஓரங்களிலும் கைவிடப்பட்ட மலைகளிலும் இக்காட்சியை இன்றும் காணலாம். எனவே, கொழுந்து பறிக்கும் கை ஒவ்வொரு வாரமும் ஒரு செடியின் மணப்பருவத்தைத் தள்ளிவைக்கின்றது என்று சொல்வது மிகையன்று.

இன்னொன்றும் உண்டு. தேயிலைப் பூ தனது சொந்த மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வேறு செடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுவந்தால்தான் ஒழுங்காகக் காய் பிடிக்கும். நெருங்கிய உறவுக்குள் மணம் கூடாது என்ற விதியை அது தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. பழைய விதைத் தேயிலை மலைகளில் ஒவ்வொரு செடியும் தனித்தனி ஆளுமையோடு, இலையின் அளவிலும் நிறத்திலும் வேறுபட்டு நிற்பதன் இரகசியம் இதுவே. 1925இல் தொடங்கப்பட்டு, தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தேர்ந்தெடுத்த செடிகளின் தண்டுத் துண்டுகளிலிருந்து கன்றுகளை உற்பத்தி செய்யும் முறையைப் பரப்பியது. தோட்டங்களில் வீ.பி. தேயிலை என்று சொல்லப்படுவது இதுதான். 'டி.ஆர்.ஐ. 2025' போன்ற இனங்கள் இவ்வாறு மலைமலையாகப் பரவின. விளைச்சல் பெருகியது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய ஒரு மலையில் நிற்கும் ஆயிரமாயிரம் செடிகளும் உண்மையில் ஒரே செடியின் பிரதிகளே. பூத்தாலும், தேனீ வந்தாலும், அது கொண்டுவருவது அச்செடி ஏற்காத தனது மகரந்தத்தையே. தந்தையும் தாயும் இன்றிப் பிறந்த மலை என்று அதைச் சொல்லலாம். ஒரு செடியைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும் ஆபத்தும் அதிலேயே அடங்கியிருக்கிறது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இந்த மலைகளின் கோப்பித் தோட்டங்களைச் சில பதின்மங்களுக்குள் அழித்த வரலாற்றை அறிந்தவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செடிகளின் திருமணத்தில் மனிதன் தலையிடுவது புதியதன்று. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையின் தாதை எடுத்துப் பெண் பாளையில் இடும் வழக்கம் அரேபியாவில் தொன்றுதொட்டு நிலவியது. மதீனாவில் மக்கள் இவ்வாறு செய்வதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதனால் பயன் இருக்கும் எனத் தாம் எண்ணவில்லை என்ற பொருள்படக் கூறினார்கள் என்றும், மக்கள் அவ்வழக்கத்தைக் கைவிட விளைச்சல் குன்றியது என்றும், பின்னர் உலகத் தொழில்கள் சார்ந்த விடயங்களை மக்களே நன்கறிவார்கள் என்ற கருத்தை அவர்கள் தெரிவித்தார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உழவனின் அனுபவ அறிவுக்குக் கிடைத்த மதிப்பு என்று அறிஞர்கள் இந்நிகழ்வை எடுத்துக்காட்டுவார்கள். மகரந்தச் சேர்க்கையின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க சான்றாகவும் அமைகிறது. வனிலாவுக்கு வருவோமாயின், அதன் தாயகமான மெக்சிக்கோவுக்கு வெளியே அது பூத்தும் காய்க்காமல் நின்றது. 1841இல் ரீயூனியன் தீவில், எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் சிறு குச்சியையும் தனது கட்டைவிரலையும் கொண்டு அப்பூவைக் கருக்கொள்ளச் செய்யும் முறையைக் கண்டறிந்தான். உலகெங்கும் வனிலாச் செய்கை அவனது விரல் நுனியிலிருந்து வளர்ந்தது. அவனோ வறுமையில் இறந்தான். தோட்டத் தொழில் வரலாறுகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று இறைவனோடு நக்கீரர் வாதிட்ட கதையைத் திருவிளையாடல் மூலமாகவும், அதைவிடத் திரைப்படத்தின் மூலமாகவும் அறியாத தமிழர் இல்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் அவ்வினாவை ஒரு வண்டிடம் கேட்கிறான். கேட்கப்பட்ட இடம் பொருத்தமானதுதான். ஏனெனில் பூச்சிகளின் உலகில் இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமில்லாத விடை உண்டு. பெண் அந்துப்பூச்சியின் உடலிலிருந்து கசியும் நுண்ணளவான ஒரு மணம், இருளில் தொலைவிலிருக்கும் ஆணை அதனிடம் அழைத்து வருகிறது. ஜேர்மனிய இரசாயனவியலாளர் அடோல்ஃப் புட்டனன்ட் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு, நீண்டகால முயற்சிக்குப் பின்னர், 1959இல் அத்தகைய மணம் ஒன்றின் இரசாயன அமைப்பை முதன்முதலாக வெளிப்படுத்தினார்.

இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி நமது மலைகளிலும் நிகழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. தேயிலையின் இளம் இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிச் சுருட்டி, அவற்றுக்குள் இருந்துகொண்டு தின்னும் புழு ஒன்றுண்டு. 'டோட்ரிக்ஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். அறிவியல் பெயரோ 'ஹோமோனா கொஃபியாரியா'. கோப்பிக் காலத்திலேயே அறியப்பட்டமையால் அப்பெயர் நிலைத்துவிட்டது. அதன் பெண் அந்துப்பூச்சி வெளியிடும் அழைப்பு மணத்தின் இரசாயனக் கூறுகளை 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவருடன் இணைந்து வெளியிட்டவர், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. சிவபாலன் என்ற தமிழறிஞர். பின்னாளில் அவர் அந்நிலையத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். நக்கீரரின் ஐயத்தைத் தேயிலை மலையில் ஒரு தமிழர் தீர்த்து வைத்தார் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை.

இப்புழுவுக்கு ஒரு பகைவன் தேவைப்பட்டபோது, 1935-36இல் ஜாவாவிலிருந்து மிகச் சிறிய குளவி ஒன்று இங்கு கொண்டுவரப்பட்டது. 'மக்ரோசென்ட்ரஸ்' எனப்படும் அக்குளவி, டோட்ரிக்ஸ் புழுவின் உடலுக்குள் தனது முட்டையை இடும். பிறக்கும் குஞ்சு புழுவையே உண்டு வளரும். மலையகச் சூழலில் அது வேரூன்றிப் பெருகியது. மருந்தின்றிப் புழு கட்டுப்பட்டது. உயிரியல் கட்டுப்பாட்டு வரலாற்றில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

பின்னர் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. நடுத்தர உயரத் தோட்டங்களில் தேயிலைத் தண்டைத் துளைத்து, கிளைகள் முறிந்து விழக் காரணமாகும் கருநிறச் சிறு வண்டு ஒன்றுண்டு. ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளமேயுள்ள இவ்வண்டினம் 1868இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டே முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இவ்வினக் குழுவைச் சேர்ந்த வண்டுகள் அண்மைய தசாப்தங்களில் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாபிரிக்காவிலும் மரங்களை அழித்து உலகச் செய்தியாகிவிட்டன. இவ்வண்டுக்கு எதிராக 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்டிரின் என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சு வண்டைத் தேடிச் சென்றதோடு நிற்கவில்லை. ஜாவாவிலிருந்து வந்த குளவியையும் கொன்றது. குளவி மறைந்ததும் டோட்ரிக்ஸ் புழு மீண்டும் படையெடுத்தது. வேறு இலைதின்னிப் புழுக்களும் அவ்வாறே பெருகின. ஒரு பூச்சியைக் கொல்லப் போய்ப் பல பூச்சிகளை வளர்த்த கதை இது.

அவ்வண்டின் இல்லறமும் விசித்திரமானது. தாய் வண்டு தண்டுக்குள் சுரங்கம் குடைகிறது. வாயருகேயுள்ள சிறு பைகளில் கொண்டுவந்த பூஞ்சண வித்துகளைச் சுரங்கத்தின் சுவரில் விதைக்கிறது. மரத்தை அது உண்பதில்லை. தான் பயிரிட்ட பூஞ்சணத்தையே தானும் குஞ்சுகளும் உண்ணுகின்றன. அப்பூஞ்சணத்தை இலங்கைத் தேயிலையிலிருந்து கண்டறிந்து 1947இல் விவரித்தவர்கள் காட் மற்றும் லூஸ் என்ற ஆய்வாளர்கள். குஞ்சுகளில் மிகச் சிலவே ஆண். அவை உருவில் சிறியவை, பறக்கும் ஆற்றலற்றவை. பெண் வண்டுகள் வெளியேறுவதற்கு முன்னரே, அச்சுரங்கத்தின் இருளிலேயே, தம் உடன்பிறந்த ஆண்களோடு இணைந்து கருவுறுகின்றன. தேயிலைச் செடி எதை விலக்கி வைத்ததோ அதையே அதன் தண்டுக்குள் வாழும் வண்டு வழக்கமாக்கியிருக்கிறது. மனித ஒழுக்கத்தின் அளவுகோலைப் பூச்சிகளிடம் கொண்டுசெல்வதும், பூச்சிகளின் வழக்கத்தை மனிதருக்கு நியாயமாகக் காட்டுவதும் ஒரேயளவு பேதைமை. ஆனால் கருவுற்ற ஒரேயொரு பெண் வண்டு புதிய மலையொன்றில் இறங்கினால் போதும், ஒரு குடியேற்றமே உருவாகிவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

வெளிச்சம் காணாத இத்தகைய காதலுக்கு இன்னும் பெருமை வாய்ந்த எடுத்துக்காட்டு அத்திமரம். 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வது அத்தி பூப்பதில்லை என்ற எண்ணத்தினால். உண்மையில் அத்தியின் பூக்கள் நூற்றுக்கணக்கில் அக்காயின் உள்ளேயே பூக்கின்றன. நுனியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியே பெண் குளவியொன்று சிறகுகள் முறிய உள்ளே நுழைகிறது. தான் கொண்டுவந்த மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முதலில் பிறக்கும் ஆண் குளவிகளுக்குச் சிறகு கிடையாது. பெண்களோடு இணைந்தபின், அவர்கள் வெளியேறுவதற்குச் சுரங்கம் வெட்டிக்கொடுத்துவிட்டு இறப்பதே அவற்றின் வாழ்வு. பெண்கள் மகரந்தத்தோடு வேறு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தியினத்துக்கும் தனக்கென ஒரு குளவியினம் உண்டு. ஒன்றின்றி மற்றது இல்லை. 'அத்தீன்' என்று அத்தியின் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் அமைந்திருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

தேனீக்களிடமே திரும்புவோம். வேலைக்காரத் தேனீக்குக் காதல் இல்லை என்றோம். காதல் உரியது அரசிக்கும் ஆண் தேனீக்களுக்கும். இலங்கையில் கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பில் வாழக் காண்கிறோம். மூன்று இனத்து அரசிகளும் ஆண்களை அழைக்க வெளியிடும் மணத்தின் முதன்மைக் கூறு ஒன்றே. அவ்வாறாயின் குழப்பம் நேராதா? 1976இல் ஜேர்மனிய ஆய்வாளரான கோனிகரும் இலங்கையரான விஜேகுணசேகரவும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு அழகான விடையைத் தந்தது. மூன்று இனங்களின் ஆண் தேனீக்களும் வெவ்வேறு நேரங்களில் மணப்பறப்புக்குப் புறப்படுகின்றன. கொம்புத்தேனீக்கு நண்பகல் முதல் இரண்டரை மணி வரை. அடுக்குத்தேனீக்கு மாலை நான்கேகால் முதல் ஐந்தேகால் வரை. மலைத்தேனீக்கு ஆறு மணிக்குப் பின்னர், அந்தி மயங்கும் முக்கால் மணி நேரம் மட்டும். வானம் ஒன்று, மணம் ஒன்று. பொழுது மட்டுமே வேறு.

ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுதை வகுத்த தொல்காப்பிய மரபினருக்கு இது வியப்பளிக்கக் கூடாது. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குப் புணர்தல் உரிப்பொருள், யாமம் சிறுபொழுது. சமவெளியின் வரண்ட கிராமங்களிலிருந்து குறிஞ்சி நிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட நமது முன்னோருக்கு அந்நிலம் வழங்கியதோ பெரும்பாலும் பிரிவுதான் என்பதை மலையக நாட்டார் பாடல்கள் சொல்லும்; அது வேறு கதை. நீலகிரியிலும் மூணாறிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக 2018இல், பூத்த குறிஞ்சியின் உறவுச்செடிகள் ஹோட்டன் சமவெளியில் உள்ளன. சிங்களத்தில் 'நெலு' என்பார்கள். அவற்றிலும் சில பல்லாண்டுகள் காத்திருந்து, ஒரே காலத்தில் பூத்து, காய்த்து, பின் மடிகின்றன. 2013இல் அவ்வாறு சமவெளி எங்கும் பூத்தது. எல்லாம் ஒன்றாகப் பூத்தால் பூச்சிகளுக்கு விருந்து. விதை தின்னும் உயிர்களால் தின்று தீர்க்கவும் முடியாது.

இவற்றையெல்லாம் எழுதுவதற்கு ஓர் உடனடிக் காரணமும் உண்டு. 'குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி' என்ற செய்தி மலையகத்திலிருந்து நமது மேசைக்கு வராத மாதம் இல்லை. சில வேளைகளில் அது மரணச் செய்தியாகவும் வருகிறது. நாமும் 'குளவி' என்றே எழுதி வருகிறோம். அது நமது கவனக்குறைவு. அவற்றுட் பல, சிங்களத்தில் 'பம்பரா' எனப்படும் மலைத்தேனீக்களே. கொட்டிய இடத்தில் கொடுக்கு தசையிலேயே தங்கியிருந்தால் அது தேனீ; குளவி தனது கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. தேனீயின் கொடுக்கோடு வெளியாகும் மணம் கூட்டிலுள்ள ஏனையவற்றையும் அதே ஆளின்மீது ஏவுகிறது. காதலுக்கு அழைக்கும் மணம் போலவே, போருக்கு அழைக்கும் மணமும் உண்டு. கொடுக்கைத் தாமதிக்காமல் அகற்றுவதும், அவ்விடத்தை விட்டு விரைந்து நீங்குவதும் இதனாலேயே இன்றியமையாதவை. கைகளை வீசி அடிக்க முற்படுவது தேனீக்களை மேலும் மூர்க்கமாக்கும்.

மலைத்தேனீ ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதில்லை. பூக்கும் பருவத்தைப் பின்பற்றித் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்கிறது என்பதை 1980இல் வெளியான இலங்கை ஆய்வொன்று விவரித்தது. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகப்புகளிலும் திறந்த வெளியில் ஒற்றை அடையாகக் கூடு கட்டுவதால், கண்ணுக்குத் தெரியாத எதிரியும் அன்று. எந்த மலையில் எந்த மரத்தில் எந்த மாதத்தில் கூடு வந்து தங்குகிறது என்பதைத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு பதிவேட்டில் குறித்து வைப்பதற்கும், கூடு இருக்கும் நாட்களில் அம்மலைக்கு ஆளனுப்பாமல் விடுவதற்கும், பறிப்பைத் தொடங்குமுன் ஒருவரை அனுப்பி மரங்களைப் பார்த்துவரச் செய்வதற்கும் தோட்ட நிர்வாகங்களுக்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை. தீப்பந்தம் கொண்டு கூட்டைக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. கொளுத்தப்பட்ட கூட்டிலிருந்து தப்பியவை அருகிலேயே சுற்றித் திரியும். மறுநாள் அங்கு கொழுந்து பறிக்க வரும் பெண்ணுக்கு முந்திய இரவு நடந்தது தெரியாது.